துவண்டதா, தொய்ந்ததா, நமத்ததா?

விறைப்பு போய்விட்ட எதைப் பற்றி எழுதினாலும் கைக்கு முதலில் வரும் சொல் 'தளர்ந்தது'. பிடி, நடை, முடிச்சு இவற்றுக்கு அது கச்சிதம். ஆனால் இலைக்கும் கொடிக்கயிற்றுக்கும் பட்டாசுக்கும் அதையே போட்டால் வாக்கியம் சப்பென்று ஆகிவிடும். விறைப்பு எதனால் போனது என்பதைப் பொறுத்துத் தமிழில் சொல் மாறும். தண்ணீர் வற்றினால் வாடும், சூடு பட்டால் வதங்கும், ஈரம் ஏறினால் நமத்துப்போகும், இழுவை குறைந்தால் தொய்யும், இழை தேய்ந்தால் நையும். காரணம் தெரிந்துவிட்டால் சொல் தானாக வந்து நிற்கும்.

உவமையில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 'சருகாய்த் துவண்டு கிடந்தாள்' என்று எழுதுகிறார்கள். சருகு எங்கே துவளும்? அது நொறுங்கும். துவள வேண்டுமென்றால் உள்ளே கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்க வேண்டும். இலையை நிமிர்த்தி வைப்பது அதன் செல்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம். அது குறையும்போது இலை வாடுகிறது. வேர் நன்றாக இருந்தால் தண்ணீர் ஊற்றியதும் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். 'வாடிய முகம்' என்னும்போது அது மறுபடி மலரலாம் என்ற எதிர்பார்ப்பும் ஒட்டிக்கொண்டு வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன். சருகில் அதற்கு இடமில்லை. 'சருகாய் உலர்ந்து' என்றால் சரி. துவள்வதற்குக் கொடி இருக்கிறது. ஆனால் பயில்வானைக் கொடியாய்த் துவளவிட்டால் வாசகர் சிரித்துவிடுவார். சிரிக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

அடுத்தது, ஓசையில் ஏமாறுவது. 'தளதள' என்பதைத் தளர்ச்சியோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. பொருள் நேர் எதிர்: தளதளவென்று வளர்ந்த செடி செழிப்பானது. அளவு மீறிய சட்டைக்கு 'தொளதொள'. 'கொழகொழ' என்றால் வழுவழுப்பும் பிசுக்கும் சேர்ந்தது. இவை இரட்டைக்கிளவிகள். பாதியாக வெட்டி 'தொளவென்று' என்று எழுதினால் அந்த ஓசையே போய்விடும்.

உடம்பைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். 'கால் மரத்துப்போனது' என்றால் உணர்ச்சியில்லை என்று அர்த்தம், துவண்டது என்றல்ல. 'கை கால் விழுந்துவிட்டது' என்றால் கேட்பவர் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்வார். வெறும் அசதிக்கு அதைப் போடக் கூடாது. அசதிக்கு 'அடித்துப் போட்டாற்போல்' இருக்கிறதே.

மனதுக்கு வந்தால், 'நெகிழ்ந்தார்' என்பது உருக்கம், 'தளர்ந்தார்' என்பது ஊக்கம் போனது. 'குழைந்து பேசினார்' என்பதில் கெஞ்சலோ கொஞ்சலோ இருக்கும், சோர்வு இருக்காது. வேலையிலும் கதையிலும் தொய்வு விழலாம். 'அவர் தொய்ந்தார்' என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம், 'சோர்ந்து தளர்ந்து துவண்டு' என்று அடுக்குவது. மூன்றும் ஒன்றையே சொன்னால் ஒன்று போதும். சில இடங்களில் அந்த ஒன்றும் வேண்டாம். 'சோர்ந்துபோன அவள் தளர்வாக நாற்காலியில் அமர்ந்தாள்' என்பதை இப்படி மாற்றிப் பாருங்கள்: 'நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். தோளிலிருந்து நழுவிய பையை எடுக்கக்கூட இல்லை.'