பட்டாசு இரவில் பூனையின் பயம் தணிய

பினாங்கில் சீனப் புத்தாண்டுப் பெருநாளின் எட்டாம் நாள் நள்ளிரவில், ஹொக்கியன் சீனர்கள் வானுலக அரசராக வணங்கும் ஜேட் பேரரசரின் வழிபாட்டின்போது, வெடிச்சத்தம் காதைப் பிளக்கும். அன்று சாயங்காலமே எங்கள் பூனைக்கு அறையைத் தயார்செய்துவிடுவேன்.

பயந்த பூனை எப்போதும் சீறாது. காது பக்கவாட்டில் படுத்து, கருமணி விரிந்து, வாலை உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தால் அதுவும் பயமே. சமர்த்தாக இருக்கிறது என்று தூக்கப் போகிறவர்கள்தான் கடி வாங்குகிறார்கள், பாவம்.

தெருவைப் பார்க்காத அறை நல்லது. சன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். சீரான இரைச்சல் வெடிச்சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கும். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து எதிரெதிராக இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் என்றால் சிக்கிக்கொண்டதாகப் பதறும். உள்ளே நீங்கள் உடுத்திய, துவைக்காத சட்டையை விரியுங்கள். மணல் தட்டு ஒரு மூலையில், தண்ணீரும் தீனியும் எதிர்மூலையில்.

கட்டிலுக்கடியில் புகுந்தால் இழுக்கவே கூடாது. தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, முறைத்துப் பார்க்காமல், கண்ணை மெல்ல மூடித் திறங்கள். அதுவும் பதிலுக்குக் கண்ணைச் சொருகினால், மூக்கு உயரத்தில் ஒரு விரலை நீட்டுங்கள். தானாக வந்து உரசினால் மட்டும் கன்னத்தைத் தடவலாம், வயிற்றைத் தொடவேண்டாம்.

மிகவும் நடுங்கும் பூனைக்குக் கால்நடை மருத்துவர் பதற்றம் தணிக்க காபாபென்டின் என்ற மருந்து தருவதுண்டு; முன்கூட்டியே கேளுங்கள். நம் மாத்திரை எதுவும் வேண்டாம், பாரசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

24 மணி நேரம் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை மணல் தட்டில் முக்கியும் சிறுநீர் வராவிட்டால், விடியும்வரை காத்திருக்காமல் அந்த இரவே கொண்டுபோங்கள்.