ரேம் முழு வேகத்தில் ஓடவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

பெட்டியில் 3200 என்று இருக்கிறது, கணினியோ 2133 அல்லது 2400 என்று காட்டுகிறதா? ரேமை மாற்றித் தரச் சொல்லிக் கிளம்பிவிடாதீர்கள். அநேகமாக அது பழுதே இல்லை.

முதலில் இப்போதைய வேகத்தைப் பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டினால் ஸ்பீட் தெரியும். கணினி பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் செயலியில் 1600 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்பும் என்பதால் அது 3200தான்.

வேகம் ஏன் குறைகிறது? ரேமிலுள்ள ஒரு குட்டிச் சில்லில் வேகப் பட்டியல் பதிந்திருக்கும். மதர்போர்டு தானாக எடுத்துக்கொள்வது அதிலுள்ள பாதுகாப்பான வேகத்தை. பெட்டியில் போட்ட வேகம் தனி ப்ரொஃபைலாக இருக்கும், அதை நாம்தான் இயக்க வேண்டும்.

கணினியை ரீஸ்டார்ட் செய்து டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸ் திறக்கும். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ, டிஓசிபி என்று ஏதாவது ஒரு பெயரில் அந்த ப்ரொஃபைல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, சேமித்து வெளியேறுங்கள். டிடிஆர்5 ரேம் என்றால் முதல் முறை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு பவரை அணைக்காதீர்கள்.

நிறைய நேரம் காத்திருந்தும் திரை வரவில்லையா? மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டிலுள்ள வட்ட பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். அப்புறம் ரேம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில், இரண்டு ரேம்களுக்கு உரிய இடம் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் 2ஆவதும் 4ஆவதும். 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள்.

வெவ்வேறு வேக ரேம்களைக் கலந்து போட்டால் எல்லாமே மெதுவான ரேமின் வேகத்துக்கு இறங்கும். நான்கு ரேம் போட்டாலும் சுமை கூடும்: ரைசன் 7000 வரிசை ப்ராசஸர்களுக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு வெறும் 3600. என்னைக் கேட்டால், இரண்டு பெரிய ரேமே நல்லது. ப்ராசஸருக்கும் போர்டுக்கும் எல்லை உண்டு. எச்410 போர்டில் இன்டெலின் 10ஆம் தலைமுறை ஐ5 ப்ராசஸர் இருந்தால் 2666க்கு மேல் போகாது, எந்த அமைப்பை மாற்றினாலும் சரி.

எல்லைக்குள் இருந்தும் ஓடவில்லை என்றால் பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ப்ரொஃபைலை அப்படியே வைத்து, வேகத்தை மட்டும் ஒரு படி குறையுங்கள். 3600க்குப் பதில் 3466 வைக்கலாம். விண்டோஸ் திறந்துவிட்டது என்பதால் வேலை முடியவில்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை முழுச் சுற்றும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் இன்னொரு படி இறக்குங்கள், ஏனென்றால் அந்தப் பிழை உங்கள் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.