‘நாளை’ என்று எழுதாதீர்கள்: முகநூலிலிருந்து வட்ஸ்அப்புக்கு வந்தபின் நாம் செய்யும் தவறுகள்

ஒரு காலத்தில் ஊர்ப் புதினம் எல்லாம் முகநூலில் கிடந்தது. யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பது பதிவின் தலைமாட்டிலேயே இருக்கும். இன்று அதே புதினம் வட்ஸ்அப் குழுக்களில் போகிறது. கோயில் குழு, பாடசாலை வகுப்புக் குழு, ஒழுங்கைக் குழு, கனடாவிலும் லண்டனிலும் உள்ள உறவுகளையும் சேர்த்த குடும்பக் குழு. இடம் மாறிய பிறகும் நாம் முகநூலுக்கு எழுதியது போலவே எழுதுகிறோம். திருகோணமலையில் தினமும் நடக்கும் குழப்பங்கள் பல அங்கிருந்துதான் வருகின்றன.

திகதி இல்லாத அறிவித்தல்

ஒரு மரண அறிவித்தலை எடுத்துப் பாருங்கள். படம், பெயர், “இறுதிக்கிரியை நாளை முற்பகல் 10 மணிக்கு”, கீழே குடும்பத்தாரின் நான்கு போன் இலக்கங்கள். முதல் குழுவில் இதனால் எந்தக் கேடும் இல்லை. ஆனால் வட்ஸ்அப்பில் ஒரு செய்தியைக் கைமாற்றும்போது, முதலில் எழுதியவரின் பெயரும் நேரமும் கூடவே போவதில்லை. கைமாற்றியவரின் பெயரும் அவர் அனுப்பிய நேரமும்தான் தெரியும். இரண்டு நாள் கழித்து அது மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒருவரிடம் போய்ச் சேரும்போது ‘நாளை’ வேறு நாளாகிவிடுகிறது. கிரியை முடிந்த வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். துக்க வீட்டுக்கு அதைவிடச் சங்கடம் என்ன இருக்கிறது?

“வெள்ளிக்கிழமை, 2026 மார்ச் 6, முற்பகல் 10 மணி, இலங்கை நேரம்” என்று முழுதாக எழுதுங்கள். நேரலை பார்க்கக் காத்திருக்கும் வெளிநாட்டு உறவுகளுக்குக் கடைசி இரண்டு சொல்லும் அவசியம். போன் இலக்கம் ஒன்று போதும், அதுவும் உரியவரைக் கேட்டுப் போடுங்கள். அறிவித்தல் சுற்றும் காலம் எல்லாம் அந்த இலக்கமும் சுற்றும்.

புயல் எச்சரிக்கையில் இதே தவறு ஆபத்தாகிறது. 2020 டிசம்பர் 2 இரவு புரவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. “இன்றிரவு புயல் கரை கடக்கிறது, கடலுக்குப் போகாதீர்கள்” என்று திகதியில்லாமல் எழுதிய செய்தி எந்த மாரியிலும் புதுச்செய்தி போலவே இருக்கும். இரண்டு தடவை பொய்யென்று கண்டவர் மூன்றாவதை நம்பமாட்டார். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் வெளியிட்ட திகதியும் நேரமும் இருக்கும். அதை வெட்டாமல் அனுப்புங்கள். சந்தேகமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள்.

ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறிய செய்திக்கு வட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படியான செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் கொப்பி பண்ணி ஒட்டினால் அந்தக் குறி போய்விடும். ஆகவே குறி இல்லை என்பதற்காக அதைப் புதிய செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படமாக மட்டும் போடுவது

படத்துக்குள் இருக்கும் எழுத்து குழுவில் தேடினால் அகப்படாது. கீழே எழுத்தாகவும் போடுங்கள். ரைப்செற்றிங் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் போனில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும், ஏனெனில் பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது, அவ்வளவுதான். எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிய பிறகும் ஒருமுறை வாசியுங்கள். பாமினியில் கமாவின் விசை ‘இ’ என்பதால், “மூதூர், கிண்ணியா” என்பது “மூதூர்இ கிண்ணியா” என்று வந்து நிற்கும்.

திறந்து கிடக்கும் பழைய வீடு

நாம் முகநூலை விட்டு வந்துவிட்டோம். எழுதியவை அங்கேயே இருக்கின்றன. பத்து வருடத்துக்கு முன் ‘பொது’ என்று போட்ட விமானச் சீட்டு, பிள்ளையின் பாடசாலைச் சான்றிதழ், அடையாள அட்டைப் படம் எல்லாம் இன்றும் யாரும் பார்க்கலாம். பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது (பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும்). இலக்கம் தெரிந்தாலே பிறந்த நாளும் தெரிந்துவிடும்.

முகநூல் அமைப்புகளுக்குப் போய், பழைய பதிவுகளின் பார்வையாளரைக் கட்டுப்படுத்தும் தெரிவை அழுத்தினால் ‘பொது’ என்றிருந்தவை எல்லாம் ‘நண்பர்கள்’ ஆகும். மொத்தமாகத் திரும்ப மாற்ற முடியாது, ஒவ்வொன்றாகத்தான் மாற்றலாம். பிறரின் பதிவுக்குக் கீழே நீங்கள் எழுதிய கருத்துக்கு இது பொருந்தாது. அடையாள அட்டை போன்றவற்றை மறைப்பது போதாது, அழித்துவிடுங்கள்.

வட்ஸ்அப்பிலும் கதவு திறந்து கிடப்பதுண்டு. கொமியூனிகேசன் கடையில் ஒரு தாளைப் பிரின்ற் எடுக்க வட்ஸ்அப்பைக் கணினியில் இணைத்துவிட்டு அப்படியே எழுந்து வருபவர்கள் அதிகம். உங்கள் போன் அணைந்திருந்தாலும் அந்தக் கணினியில் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்து, தெரியாத கணினி ஒவ்வொன்றையும் வெளியேற்றுங்கள். கடையை விட்டு இறங்குமுன், இறக்கிய கோப்பையும் டவுன்லோட் கோப்புறையிலிருந்து அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள்.