வண்டி ஏற மறுக்கும் மாட்டைப் பழக்குவது

எங்கள் மயிலைக் கிடாரியைக் கண்ணபுரம் சந்தையில் வாங்கிய அன்றே வினை ஆரம்பித்தது. ஏற்றும்போது ஈரப் பலகையில் வழுக்கி முழங்கால் தேய்ந்துவிட்டது. நாலு பேர் தள்ளித்தான் ஏற்றினோம். அப்புறம் குட்டி யானை வண்டியைக் கண்டாலே கயிற்றை அறுக்கப் பார்க்கும். மாடு கட்டும் கட்டுத்தரையிலேயே வண்டியை நிறுத்திப் பத்து நாள் பழக்கினேன். தானாக ஏறியது. பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த சித்திரையில் விலை கேட்டுப் பார்க்கலாமே என்று அதே சந்தைக்குக் கொண்டுபோனேன். விலை படியவில்லை. திரும்ப ஏற்றும்போது முன்னங்காலை ஊன்றி நின்றுவிட்டது. “ஏனுங்க மாப்ள, பழகிப்போச்சுன்னீங்களே?” என்றார் மாமா. எட்டு கிலோமீட்டர் நடத்தியே கூட்டி வந்தேன்.

பயம் அழிவதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. 1979இல் பவுட்டன், போல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்து இதைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு கூண்டில் ஓசையோடு மின்சாரம் கொடுத்துப் பயமுறுத்தி, வேறு கூண்டில் வெறும் ஓசையை மட்டும் கேட்கவைத்துப் பயத்தைத் தணித்தார்கள். பழைய கூண்டுக்குத் திரும்பியதும் பயமும் திரும்பியது. “வண்டி ஒன்றும் செய்யாது” என்ற புதுப் பாடம் பழையதன் மேல் படிகிறது, அதுவும் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. என் கிடாரி கற்றது “கட்டுத்தரையில் வண்டி ஒன்றும் செய்யாது” என்பதை மட்டும்தான்.

சரி, எப்படிப் பழக்குவது? முதலில் வண்டிக்குள் சாக்கு விரித்து மேலே மணல் தூவுங்கள். வழுக்கும் தரையில் எந்தப் பாடமும் ஏறாது. இஞ்சினை அணைத்துவிட்டு, பருத்திக்கொட்டை வாளியோடு மாட்டை மெதுவாகக் கூட்டிப்போங்கள். வாயைப் பாருங்கள். மென்றுகொண்டிருந்த வாய் சட்டென்று நின்று, காது இரண்டும் வண்டிப் பக்கம் விறைத்தால் அதுதான் எல்லை. அங்கேயே நில்லுங்கள், இழுக்கவேண்டாம். மறுபடி வாய் அசைய ஆரம்பித்ததும் நீங்களாகவே திருப்பிக் கூட்டி வாருங்கள். மறுநாள் ஒரு அடி கூடுதலாகப் போங்கள்.

அது திமிறி ஓடிவிட்டால்? ஓடியதும் கிடைக்கும் நிம்மதியே அதற்குக் கூலி. ஓடியதால்தான் தப்பித்தோம் என்று நினைக்கும். வண்டி சும்மாதான் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளவே வாய்ப்பு வராது. நான் எட்டு கிலோமீட்டர் நடத்தி வந்ததும் அப்படியொரு கூலிதான், கொடுத்தது நானே.

கட்டுத்தரையில் ஏறியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், பாதிதான் முடிந்திருக்கிறது. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துப் படல் பக்கம், பால் சொசைட்டி முன்னால், தார் ரோட்டோரம், கோயில் மைதானம் என்று இடத்தை மாற்றுங்கள். காலையில் ஒருநாள், விளக்கு வைத்த பிறகு ஒருநாள். வேறு வண்டி. கயிறு பிடிக்கும் கையையும் மாற்றுங்கள். எப்போதும் நானே பிடித்ததால் பாதிப் பாடம் என் மேல் ஒட்டியிருந்தது. என் சம்சாரம் பிடித்த முதல் நாள் மாடு பழையபடி முரண்டியது. நடுவில் நாலைந்து நாள் விட்டும் பாருங்கள், நாள் தள்ளினால் பயம் தானாகவே தலைகாட்டும். அதைத் தோல்வி என்று எண்ணி அடிக்கவேண்டாம். ஊசி போடுவதை வண்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வலி போதும், தணிந்ததெல்லாம் கிளம்பிவிடும். அப்படி ஆனால் இரண்டு படி பின்னால் போய்த் தொடங்குங்கள்.

புது இடத்துக்குப் போகும்போது பழக்கிய அதே சாக்கையும் வாளியையும் எடுத்துப்போங்கள். தணித்த இடத்தின் அடையாளம் ஒன்று உடன் இருந்தால் தணித்த பழக்கம் திரும்புவது குறைவதை எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வாளி இல்லாமலும் இடையிடையே ஏற்றிப் பழக்குங்கள், இல்லாவிட்டால் வாளிக்கு மட்டுமே ஏறும் மாடாகிவிடும்.

பயந்த இடத்தை விட்டுவைக்கக்கூடாது. இந்தச் சித்திரையில் கூட்டம் சேர்வதற்கு இரண்டு நாள் முன்பே கண்ணபுரம் போய், காலி மைதானத்தில் மூன்று தடவை ஏற்றி இறக்கினேன். சந்தையன்று கூட்டத்துக்கு நடுவே வாய் நின்றது, காது விறைத்தது. கயிற்றைத் தளர்த்திவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து வாயை அசைக்கத் தொடங்கி, முன்னங்காலைச் சாக்கில் வைத்தது. மாமா பக்கத்தில்தான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.