ஒரு ராத்திரிக்கு ஒரு பிடி போதும்

இரவு பத்தரைக்கு மகன் தூங்கிவிடுவான். அப்புறம் பன்னிரண்டே கால் வரை என் நேரம். பகல் முழுக்கக் கணக்கு எழுதுகிற வேலை. கல்லூரியில் இரண்டு வருஷம் ஜூடோ கற்றேன். முழங்கால் தசைநார் கிழிந்ததும் பயிற்சி நின்றுவிட்டது. ஆசை நிற்கவில்லை. ஏழு வருஷமாக, வாரத்தில் மூன்று இரவு, உலகத்துச் சண்டைக் கலைகளை வீடியோவில் பார்த்து வருகிறேன். முதல் இரண்டு வருஷம் கண் சிவக்கச் சிவக்கப் பார்த்தும் காலையில் மனதில் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்புறம் பார்க்கும் முறையை மாற்றினேன். அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

எதைப் பார்ப்பது என்பதைப் பகலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் தேட உட்கார்ந்தால், களைத்த மனசு சத்தமான தலைப்பின் பின்னால்தான் போகும். பத்து நொடியில் வீழ்த்திய பத்து பேர், இருபது பேர் என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். நான் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரே ஒரு வீடியோவைத் தேடி, 'பிறகு பார்க்க' பட்டியலில் போட்டுவைப்பேன். தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். இது ரொம்ப முக்கியம். இது ஓடிக்கொண்டிருக்கும்வரை எப்போது தூங்குவது என்பது உங்கள் கையில் இருக்காது.

ஒரு இரவுக்கு ஒரு போட்டி, அல்லது ஒரே ஒரு பிடி. அதை மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை சாதாரண வேகத்தில், சத்தத்தோடு. இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும். சிலம்பத்தில் காலடியை முதலில் கற்றுத்தருவது ஏன் என்பது அப்போது புரியும். மூன்றாம் தடவை மெதுவாக. யூடியூபில் வேகத்தை 0.25 வரை குறைக்கலாம். கணினியில் பார்த்தால் இன்னும் வசதி: நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னால் போகும், காற்புள்ளியைத் தட்டினால் ஒன்று பின்னால் வரும். இந்த இரண்டு விசைகளும் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதிகம்.

உதாரணத்துக்கு ஜூடோவின் உச்சிமாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் தொடைகளுக்கு நடுவே காலை விட்டு மேலே வாரி எறியும் வீச்சு அது. சாதாரண வேகத்தில் கண் அந்தக் காலோடுதான் போகும். கால்தான் ஆளைத் தூக்கியது என்று தோன்றும். இப்போது ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். எறிகிறவரின் ஒரு கை எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்திருக்கும். அதற்கு ஹிக்கிதே, இழுக்கும் கை என்று பெயர். மற்றது மார்புப் பக்கத்துப் பட்டியைப் பிடித்திருக்கும். அது த்சுரிதே, தூக்கும் கை. கால் கிளம்புவதற்கு முன்னாலேயே இழுக்கும் கை மேலேறித் திரும்பும், கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பது மாதிரி. எதிராளியின் குதிகால் பாயை விட்டு எழும்பும். அந்த ஃபிரேமில் நிறுத்துங்கள். ஆள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார், ஆனால் அவர் விழுவது முடிவாகிவிட்டது. 1882இல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியை நிறுவிய கானோ ஜிகோரோ ஒரு வீச்சை மூன்றாகப் பிரித்தார்: குசுஷி, த்சுகுரி, காகே. நிலை குலைப்பது, உடலைப் பொருத்துவது, எறிவது. நாம் கைதட்டுவது மூன்றாவதற்கு. முதலாவதைப் பார்க்கத்தான் ராத்திரி விழித்திருக்க வேண்டும். எங்கள் பயிற்சியாளர் 'காலை மற, கையைக் கவனி' என்று இரண்டு வருஷமும் சொன்னார். அவர் சொன்னதன் அர்த்தம் பயிற்சி நின்று பல வருஷம் கழித்து, இப்படி ஒரு ஃபிரேமில்தான் எனக்கு விளங்கியது.

இந்த முந்தைய நொடியைப் பிடிக்கிற பழக்கம் வந்துவிட்டால் எந்தக் கலையையும் பார்க்கலாம். சுமோவை முழுதாகப் பாருங்கள். தொகுப்பு வீடியோ வேண்டாம். மோதல் பல சமயம் பத்து நொடிக்குள் முடிந்துவிடும் என்பதால், தொகுப்பவர்கள் முன்னால் நடப்பதையெல்லாம் வெட்டிவிடுகிறார்கள். உயர்பிரிவில் தயாராவதற்கு நான்கு நிமிடம் வரை உண்டு. உப்பு வீசுவது, குந்துவது, முறைப்பது, எழுந்து போவது, மறுபடி குந்துவது. 4.55 மீட்டர் விட்டமுள்ள அந்த வட்டத்துக்குள் எடைப் பிரிவே கிடையாது, 100 கிலோ சொச்சம் உள்ளவர் 180 கிலோவோடு மோத நேரும். அதனால் கிளம்பும் நொடி, அதாவது தாச்சியாய், ஏறக்குறைய எல்லாமே ஆகிவிடுகிறது. இருவரின் கைகளும் தரையைத் தொட்டால்தான் தொடக்கம். கடைசியாகக் குந்தும்போது யார் கையை முதலில் ஊன்றிவிட்டுக் காத்திருக்கிறார், யார் இழுத்தடிக்கிறார் என்று கவனியுங்கள். எடை முன்பாதத்தில் இல்லாமல் பின்னால் இருந்தால், மோதாமல் பக்கவாட்டில் விலகப்போகிறார் என்று நான் சந்தேகப்படுவேன். அந்த விலகலுக்கு ஹென்கா என்று பெயர். என் சந்தேகம் சரியாக வந்த இரவுகளில் தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

தாய்லாந்துக் குத்துச்சண்டையான முவே தாய்க்குக் காது வேண்டும். பக்கத்தில் யாராவது தூங்கினால் ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுச் சத்தம் மற்றக் காதுக்குக் கேட்க வேண்டும். குழல், இரண்டு மத்தளம், சின்னத் தாளம். போட்டி சூடாக ஆக இசையும் வேகம் பிடிக்கும். தொடக்கத்தில் வீரர் மேடையைச் சுற்றி வந்து மண்டியிட்டு ஆடுவது வாய் க்ரூ, ஆசானுக்கு வணக்கம். அதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். இடுப்பு எவ்வளவு தளர்வாக இருக்கிறது, ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். தாய்லாந்து அரங்கப் போட்டிகள் வழக்கமாக ஐந்து சுற்று. முதல் இரண்டில் பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், எதிராளியை அளந்துகொண்டிருப்பார்கள். அவசரப்பட்டு மூன்றாம் சுற்றுக்குத் தாவினால் அங்கே நடப்பது வெறும் உதையாகத்தான் தெரியும்.

ஜப்பானிய வாள் சண்டையான கெண்டோவில் மட்டும் என் முறையைத் தலைகீழாக்க வேண்டும். அங்கே அடிக்குப் பிந்தைய நொடிதான் பார்க்க வேண்டியது. அடித்தவர் கடந்துபோய்த் திரும்பி, மறுபடி வாள் முனையை எதிராளிக்கு நேராக வைத்து விழிப்போடு நிற்க வேண்டும். அதுதான் ஸான்ஷின். புள்ளி கிடைத்த சந்தோஷத்தில் கையை உயர்த்திக் கொண்டாடினால் கொடுத்த புள்ளியையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மூன்று நடுவர்களின் சிவப்பு, வெள்ளைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே போனால் விதிகள் தானாகப் பிடிபடும்.

மற்றவற்றுக்கு ஒரு இரவு கொடுத்துப் பார்த்துவிட்டு, மனசு ஒட்டுகிறதா என்று பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்க ஹௌசா மக்களின் டாம்பே குத்துச்சண்டையில் ஒரு கை மட்டும் துணியும் கயிறும் சுற்றி ஈட்டியாக இருக்கும், மற்றது கேடயம். துருக்கியில் எடிர்னேயில் நடக்கும் கிர்க்பினாரில் உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு மல்லுக்கு நிற்பார்கள். பிடிக்கக் கிடைப்பது தோல் காற்சட்டை மட்டும்தான். சுவிட்சர்லாந்தின் ஷ்விங்கன் மல்யுத்தத்தில், ஜெயித்தவர் தோற்றவரின் முதுகில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிடுவார். அந்தத் தட்டலுக்காகவே அதை நான் அடிக்கடி பார்ப்பேன்.

பார்க்கும் வீடியோ எந்த வருஷத்தது என்று கட்டாயம் பாருங்கள். பழைய ஜூடோ போட்டிகளில் காலைக் கையால் பிடித்துத் தூக்கி எறிவார்கள். 2010இல் அதைக் கட்டுப்படுத்தி, 2013இல் மொத்தமாக விலக்கினார்கள். இது தெரியாமல் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் இப்போதைய வீரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவோம். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த, பல கலைக்காரர்கள் மோதும் யூஎஃப்சி போட்டியின் முதல் பதிப்பும் அப்படித்தான்: எடைப் பிரிவு இல்லை. தரைச் சண்டையில் தேர்ந்த ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். பார்க்கும்போது, அந்த அரங்கில் பலருக்குத் தரைச் சண்டை என்றால் என்னவென்றே தெரியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்துகாட்டலையும் சண்டையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். செய்துகாட்டலில் எதிராளி ஒத்துழைக்கிறார், அது ஏமாற்று இல்லை, பாடம். ஆனால் தொடாமலே பத்துப் பேரைச் சாய்க்கும் ஆசானின் வீடியோ வந்தால், விழுகிறவர்கள் யார் என்று பாருங்கள். எல்லாரும் அவருடைய மாணவர்களாகவே இருந்தால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வெளியாள் ஒருவர் முழு பலத்தோடு எதிர்ப்பதைக் காட்டும் வீடியோவைத்தான் நான் நம்புவேன்.

உடம்பு விஷயம். அறை விளக்கை முழுக்க அணைக்காதீர்கள், திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள், முதுகுக்கு ஏதாவது சாய்வு வையுங்கள். படுக்கையில் பார்க்க வேண்டாம். கடைசி இருபது நிமிடத்தில் ரத்தம் தெறிக்கும் போட்டி கூடாது. நெஞ்சு படபடப்போடு படுத்தால் தூக்கம் வர ஒரு மணி நேரம் ஆகும், எனக்கு ஆகியிருக்கிறது. முக்கியமாக, பார்த்த வீச்சையோ கழுத்துப் பிடியையோ வீட்டில் யார்மேலும் முயலாதீர்கள். பாயும் ஆசானும் இருந்தபோதே என் முழங்கால் போனது.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருங்கள். ஒரு இரவுக்கு ஒரு வரி எழுதினால் போதும். போன செவ்வாய்க்கிழமை நான் எழுதியது: 'வலது குதிகால் எழும்பியது, அப்புறம்தான் இடுப்பு திரும்பியது.'

வாரத்தின் கடைசி இரவுக்கு நான் எப்போதும் கபோய்ராவை, இசையோடு ஆடும் பிரேசில் சண்டைக் கலையை, வைத்துக்கொள்வேன். 1890இன் குற்றவியல் சட்டத்தில் பிரேசில் அதைத் தடை செய்திருந்தது. 1932இல் மெஸ்ட்ரே பிம்பா என்ற ஆசான் சால்வடோர் நகரில் அதற்குப் பள்ளி திறந்தார். வட்டமாக நிற்பவர்கள் பாட, பெரிம்பாவு என்னும் ஒற்றை நரம்பு வில்லின் தாளம்தான் ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும். அங்கோலா என்ற மெதுவான தாளத்தில் ஆடுவதைத் தேடிப் பாருங்கள். முடிந்ததும் திரையை மூடிவிட்டு, வெறுங்காலோடு எழுந்து நின்று, ஜிங்கா என்ற அடிப்படை அசைவை மட்டும் செய்து பாருங்கள். ஒரு கால் பின்னால் போகும்போது அதே பக்கத்துக் கை முகத்துக்கு முன்னால் வரும், அப்புறம் இரண்டு காலும் இணையாக, அப்புறம் மற்றப் பக்கம். என் முழங்கால்கூட இதைத் தாங்குகிறது. சத்தம் வராமல் இருபது தடவை, மூச்சு சீராகும் வரை. அப்புறம் போய்ப் படுங்கள்.