'நல்லா இரு' என்று மனதுக்குள் சொல்லிப் பழகுவது எப்படி?

தியானம் என்றதும் மூச்சைக் கவனிப்பதுதான் பலருக்கும் ஞாபகம் வரும். இது வேறு வகை. ஒவ்வொரு ஆளாக மனதில் நிறுத்தி, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற பயிற்சி. பாலி மொழியில் மெத்தா, வடமொழியில் மைத்திரி. 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி இலங்கையின் அனுராதபுரத்தில் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் இதற்குப் படிப்படியான செய்முறை இருக்கிறது. (மனிதர் நம் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர்.) கீழே உள்ள வரிசை அவருடையதுதான்.

இதனால் ஆள் மாறுவாரா? 2013-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். காத்திருக்கும் அறையில் மூன்றே நாற்காலிகள், மூன்றிலும் ஆள். கக்கத்தில் கட்டை ஊன்றியபடி ஒரு பெண் வலியோடு உள்ளே வருகிறார். எட்டு வாரம் தியானம் பழகியவர்களில் பாதிப் பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பழகாதவர்களில் 16 சதவீதம்தான். சின்னக் குழு, அதனால் இதை ரொம்பத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். இப்படிப்பட்ட ஆய்வுகளை 2018-இல் தொகுத்துப் பார்த்தவர்கள், தியானம் சொல்லிக்கொடுத்தவரே கட்டுரையையும் எழுதிய ஆய்வுகளில்தான் கருணை கூடியதாகத் தெரிகிறது என்று குட்டு வைத்தார்கள். நீங்களே செய்து பாருங்கள், அதுதான் சரி.

உட்காருவது

நாற்காலி போதும். சம்மணம் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. போனில் 15 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு நிமிடம் மூச்சு அடங்கட்டும்.

படி 1: நீங்கள்

"நான் நல்லா இருக்கணும். எனக்குக் கஷ்டம் வரக் கூடாது. யார் மேலயும் பகை இல்லாம இருக்கணும்." மெதுவாக, திரும்பத் திரும்ப. 'நான் மகிழ்வுறுவேனாக' மாதிரியான மொழிபெயர்ப்பு வரிகள் எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டன. காலில் விழுந்து எழும்போது பாட்டி சொல்வாரே, "நல்லா இருப்பா" என்று, அந்தத் தொனி வந்தால் போதும். தன்னையே வாழ்த்திக்கொள்ளக் கூச்சமாக இருக்கும். நாலைந்து நாளில் போய்விடும்.

படி 2: மதிப்புக்குரியவர்

பள்ளி ஆசிரியர், கைத்தொழில் கற்றுத்தந்தவர், யாராவது. ஆனால் உயிரோடு இருப்பவராக இருக்கட்டும். விசுத்திமக்கத்தில் ஒரு கதை: தன் குருவை நினைத்துத் தியானம் செய்த ஓர் இளம் பிக்குவுக்கு மனம் ஒருமுகப்படவே இல்லையாம். காரணம் தேடிப் போனால், அந்தக் குரு ஏற்கெனவே இறந்துபோயிருந்தார். இறந்தவரை நினைத்தால் ஏக்கம்தான் வரும் என்பது என் அனுபவமும்கூட.

படி 3: நெருங்கியவர்

இது எளிது, அதனாலேயே வழுக்கும். நோயில் கிடக்கும் நண்பரை நினைத்தால் வாழ்த்து நின்றுபோய் அழுகை வரும். அது கருணையின் ஆழம் என்று நினைத்துக்கொண்டு அதிலேயே கிடக்காதீர்கள். தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி போன்ற ஆய்வாளர்கள் பிறர் வலியில் மூழ்குவதையும் கருணையையும் பிரித்துப் பார்த்தார்கள். பிறர் வலியைத் தானும் உணரப் பழகியவர்களுக்கு மனவேதனை கூடியது. அவர்களுக்கே அப்புறம் கருணைப் பயிற்சி கொடுத்தபோது அது குறைந்தது. ஆகவே அழுகை வந்தால் வரட்டும், "உன் வலி தீரணும்" என்ற வரிக்குத் திரும்புங்கள்.

படி 4: யாரோ ஒருவர்

பலரும் தாண்டிப் போவது இதைத்தான். என்னைக் கேட்டால் மற்ற நாலும் இதற்கான ஏற்பாடு. பிடிக்கும், பிடிக்காது என்று எதுவுமே தோன்றாத ஒருவர் வேண்டும். தினமும் பார்க்கிற, ஆனால் பார்க்காத ஆள். நான் எடுத்துக்கொண்டது தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுபவரை. முதல் நாள் கண்ணை மூடினால் முகமே வரவில்லை. ஆறு வருடமாகத் துணி கொடுக்கிறேன்! கரிப்பெட்டி வருகிறது, வண்டி வருகிறது, ஆளைக் காணோம். மறுநாள் துணி கொடுக்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது வாரம், மழை பிடித்த ஒரு மாலையில், இன்றைக்கு அவர் வண்டியை எங்கே நிறுத்துவார் என்று தானாகவே ஒரு யோசனை வந்தது. உங்களுக்கும் அப்படி ஒன்று வரும்வரை இந்தப் படியிலேயே இருங்கள். மாதமே ஆனாலும் பரவாயில்லை.

படி 5: ஆகாதவர்

ஆர்வக்கோளாறில் நான் ஆரம்பித்ததே இங்கேதான். அட்வான்ஸ் பணத்தில் பிடித்துக்கொண்ட பழைய வீட்டுக்காரரை நினைத்து உட்கார்ந்தேன். கால் மணி நேரமும் அவரோடு மனதுக்குள் வாய்ச்சண்டை. எழுந்திருக்கும்போது முன்பைவிடக் கோபம். முதல் மாதம் இந்தப் பக்கமே வராதீர்கள். உங்களுக்குப் பெரிய கொடுமை செய்தவரை எடுக்கவே வேண்டாம், சின்ன உரசல் போதும்.

கோபம் அடங்காவிட்டால் புத்தகோசர் ஒரு வழி சொல்கிறார். எதன் மேல் கோபம்? அவர் தலைமுடி மேலா, நகத்தின் மேலா, பல்லின் மேலா என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் கொஞ்சம் இறங்கியது.

அதற்கும் மசியாவிட்டால் கடைசி வழி, அவருக்கு ஏதாவது கொடுங்கள் என்பது. நான் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அந்த வீட்டுப் படியேறினேன். அட்வான்ஸ் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உள்ளே திரும்பி, "காபி போடும்மா" என்றார்.