விமானிகள் சங்கச் சண்டையைப் புரிந்துகொள்வது எப்படி

தங்கச்சியின் மகன் சீனன்குடாவில் விமானம் ஏறி இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவன், இப்போது அமெரிக்காவில் விமானம் ஓட்டப் படிக்கிறான். "மாமா, ரீஜனல் கொம்பனி விமானிகளும் பெரிய கொம்பனி விமானிகளும் ஏன் இப்படி முட்டிக்கொள்கிறார்கள்? பல இடத்தில் ஒரே சங்கம்தானே?" என்று கேட்டான். அவனுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பியதைச் சேர்த்து இங்கே போடுகிறேன், அந்தப் பக்கம் போக நினைக்கும் வேறு பிள்ளைகளுக்கும் உதவும்.

ரீஜனல் என்றால், பெரிய கொம்பனியின் பெயரில் அதற்காகச் சிறிய விமானங்களை ஓட்டும் கொம்பனி. முதலில் கரைவலையை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் எல்லாருக்கும் பொதுதான், ஆனால் எந்தக் கரையில் யார் வலை வளைப்பது என்பதற்குப் பாடு என்று ஓர் உரிமை இருக்கிறது, பாடு இல்லாத சம்மாட்டி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அங்கே கயிறு பிடிக்க முடியாது. டெல்டா, யுனைட்டட், அமெரிக்கன் என்று பெரிய கொம்பனிகளின் பெயர் எழுதிய விமானத்தை யார் ஓட்டலாம் என்பதும் அதே மாதிரி ஒரு பாடுதான். அது எழுதியிருக்கும் பகுதிக்கு ஸ்கோப் என்று பெயர்.

ஆகவே சண்டைச் செய்தி வந்தால் சம்பளத்தை விட்டுவிட்டு ஸ்கோப்பைத் தேடுங்கள். அது பெரிய கொம்பனி விமானிகளின் ஒப்பந்தத்தில் இருக்கும், ரீஜனல்காரரின் ஒப்பந்தத்தில் இருக்காது. வில்லங்கமே இங்கேதான்: ஒருத்தர் போடும் கையெழுத்து மற்றவர் எவ்வளவு பெரிய விமானம் ஓட்டலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆசனம், எடை, விமானங்களின் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். அந்த மூன்று கொம்பனிகளிலும் ரீஜனல் விமானத்துக்கு உச்சம் 76 ஆசனம், புறப்படும் எடை 86,000 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 39 தொன்.

எடையைப் பலர் கவனிப்பதில்லை, ஆனால் வேடிக்கையெல்லாம் அதில்தான். எம்ப்ரேயர் இ175 இந்த அளவுக்குள் அடங்குகிறது. அதற்குப் பின் வந்த இ175-இ2 எரிபொருள் குறைவாகக் குடிக்கும், ஆனால் எஞ்சின் பெரிசு, எடை கூட, அதனால் அமெரிக்க ரீஜனல்களில் அதற்கு இடமில்லை. 50 ஆசனத்துக்கு மேற்பட்ட ரீஜனல் விமானங்களின் எண்ணிக்கைக்கும் உச்சம் இருப்பதால் யுனைட்டட் இன்னொரு வழி பிடித்தது: 70 பேர் இருக்கக்கூடிய சிஆர்ஜே700 உடம்பில் 50 ஆசனம் மட்டும் வைத்து, மிச்ச இடத்தில் பயணப்பை அலுமாரியும் தின்பண்டத் தட்டும் போட்டு, சிஆர்ஜே550 என்று 2019 இல் பறக்கவிட்டார்கள். ஆசனத்தைக் கழற்றி ஒப்பந்தத்துக்குள் நுழைவது!

அடுத்து, எல்லை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். 2001 க்குப் பிறகு பெரிய கொம்பனிகள் வரிசையாக வங்குரோத்து நீதிமன்றம் போனபோது விமானிகள் ஸ்கோப்பில் விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது, 50 ஆசனம் 70 ஆகி 76 ஆனது. "இனி ஒரு ஆசனம்கூடத் தரமாட்டோம்" என்று இன்றைக்கு அவர்கள் நிற்பதை வெறும் திமிராக மட்டும் எடுக்காதீர்கள்.

ரீஜனல்காரரின் கோபமும் பொய்யில்லை. அங்கே எல்லாமே சேவை மூப்பு இலக்கம்தான்: எந்த விமானம், எப்போது கெப்டன், எந்த ஊர், எந்த நாள் லீவு, ஆட்குறைப்பில் யார் முதலில் வெளியே. 15 வருடம் கெப்டனாக இருந்தவரும் கொம்பனி மாறினால் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். பாலம் வருவதற்கு முன் கிண்ணியாப் படகுப் பாதைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் விளங்கும். டெல்டாவுக்குச் சொந்தமான கொமெயார் விமானிகள் தங்கள் மூப்புப் பட்டியலை டெல்டாவோடு சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள், அவர்களுடைய சங்கமான அல்பாவே மறுத்துவிட்டது. டெல்டா விமானிகளும் அதே அல்பாதான். 2001 இல் கொமெயார்காரர் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து நல்ல சம்பளம் வாங்கினார்கள், 2012 இல் கொமெயாரே மூடப்பட்டது. ரீஜனல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, எவன் குறைந்த விலைக்குப் பறப்பானோ அவனுக்கு வேலையைக் கொடுப்பது நிர்வாகங்களுக்குப் பழக்கம். என்னைக் கேட்டால் இந்தச் சண்டையில் லாபம் பார்ப்பது அந்த மூன்றாம் ஆள்தான்.

"விமானிகள் சொல்கிறார்கள்" என்று அறிக்கை வந்தால் எந்த விமானிகள் என்றும் பாருங்கள். டெல்டா, யுனைட்டட், பல ரீஜனல்கள் அல்பாவில். அமெரிக்கனுக்குத் தனிச் சங்கம். ஸ்கைவெஸ்ட் என்ற ரீஜனலில் கொம்பனிக்குள்ளேயே ஓர் அமைப்பு.

சரி, வேலைக்குச் சேரப் போகிறவர் என்ன செய்வது? என்வோய், பீட்மன்ட், பிஎஸ்ஏ மூன்றும் அமெரிக்கனின் சொந்த ரீஜனல்கள், அங்கிருந்து நேர்முகத் தேர்வு இல்லாமல் மேலே போக ஒரு வழி இருக்கிறது. விளம்பரத்தை நம்பாமல் ஒப்பந்த வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள்: மாதத்துக்கு எத்தனை பேரை எடுக்க வேண்டும், எடுக்காமல் நிறுத்திவைக்க முடியுமா, மூப்பு எந்தத் தேதியிலிருந்து. அப்புறம் அங்கேயே வேலை செய்யும் ஒருத்தரிடம், போன வருடம் உண்மையில் எத்தனை பேர் போனார்கள் என்று கேளுங்கள்.

மருமகன் இன்னும் பதில் போடவில்லை. வேலைக்குச் சேர முதலில் 1,500 மணித்தியாலம் பறந்து முடிக்க வேண்டும், அவன் 300 ஐத்தான் தாண்டியிருக்கிறான்.